டார் பிரவுசர்ல புகார் மெயில் அனுப்பினா கம்பெனிக்குத் தெரியாதா? கவரை முதல்ல பாருங்க



"சம்பளத்துல பி.எஃப். பிடிக்கிறாங்க, ஆனா பாஸ்புக்ல ஏறலை." "டி.டி.எஸ். பிடிக்கிறாங்க, 26ஏஎஸ்-ல காணோம்." ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போற தம்பி தங்கைகள் என் செவிலிமேடு ஆபீஸுக்கு வந்தாலும் சரி, சேனல்ல கேட்டாலும் சரி, இந்த ரெண்டும் அடிக்கடி வர்ற கேள்வி. இப்போ இதோட மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு: "சார், டார் பிரவுசர்ல புதுசா ஒரு மெயில் ஐ.டி. ஓபன் பண்ணி, பேர் போடாம புகார் அனுப்பிட்டா கம்பெனிக்குத் தெரியாதுல்ல?"

என் பதில்: தெரியாதுன்னு நம்பி வேலையைப் பணயம் வைக்காதீங்க. டார் நல்ல கருவிதான், அதை நான் குறை சொல்லலை. ஆனா அது மறைக்கிறது ஒரே ஒரு விஷயத்தை. ஈமெயில் காட்டிக் கொடுக்கிறது பத்து விஷயத்தை. இந்தக் கணக்கு புரியாம புகார் அனுப்பினா, முகமூடி போட்டுக்கிட்டு விசிட்டிங் கார்டு நீட்டின கதைதான்.

டார் எதை மறைக்குது?

சாதாரணமா நீங்க ஒரு வெப்சைட்டுக்குப் போனா, உங்க ஐ.பி. முகவரி அந்த வெப்சைட்டுக்குத் தெரியும். நீங்க எந்த வெப்சைட்டுக்குப் போறீங்கன்னு உங்க இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியும். டார் உங்க டிராஃபிக்கை மூணு கம்ப்யூட்டர் வழியா சுத்தி விடுது. முதல் கம்ப்யூட்டருக்கு நீங்க யாருன்னு தெரியும், எங்க போறீங்கன்னு தெரியாது. கடைசி கம்ப்யூட்டருக்கு எங்க போறீங்கன்னு தெரியும், யாருன்னு தெரியாது. நடுவுல இருக்கிறதுக்கு ரெண்டுமே தெரியாது. இந்தக் கம்ப்யூட்டர்களை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்துறாங்க.

ஆக, டார் மறைக்கிறது "நீங்க எங்கிருந்து வர்றீங்க" என்பதை மட்டும்தான். வந்து சேர்ந்த இடத்துல நீங்க என்ன சொல்றீங்க, எந்தப் பேர்ல லாகின் பண்றீங்க, எந்த ஃபைலைக் கொடுக்கிறீங்க என்பதுக்கெல்லாம் அது பொறுப்பு இல்ல.

2007: இந்தியத் தூதரக மெயில்கள் வெளியான கதை

இதை உலகத்துக்கே காட்டின சம்பவத்துல நம்ம நாட்டுப் பேரும் இருக்கு. 2007 ஆகஸ்ட் கடைசியில் டான் எகர்ஸ்டாட் என்ற ஸ்வீடன் நாட்டு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆலோசகர், பல நாட்டுத் தூதரகங்கள், அரசு அலுவலகங்கள் சம்பந்தப்பட்ட 100 ஈமெயில் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை இணையத்தில் அப்படியே போட்டுவிட்டார். அந்தப் பட்டியலில் இந்தியத் தூதரகங்கள் இருந்தன. டி.ஆர்.டி.ஓ. இருந்தது. தேசிய பாதுகாப்பு அகாதமியும் இருந்தது.

அவர் எந்த சர்வரையும் உடைக்கவில்லை. டார் நெட்வொர்க்கின் கடைசிக் கம்ப்யூட்டர்கள் ஐந்தைத் தானே நடத்தினார். அந்த வழியாகப் போன டிராஃபிக்கைக் கவனித்தார். மெயில் சர்வர் வரைக்கும் பூட்டு போடாமல் போன யூசர்நேமும் பாஸ்வேர்டும் அவர் கண்முன்னே ஓடின. அவ்வளவுதான்.

"டார் போட்டாச்சு, எல்லாம் பூட்டியாச்சு" என்று நினைத்தது முதல் தப்பு. டார் உள்ளே பூட்டு இருக்கு. ஆனா கடைசிக் கம்ப்யூட்டரிலிருந்து மெயில் சர்வர் வரை இருக்கும் தூரத்துக்கு நீங்கதான் தனியா பூட்டு போடணும். இதுல இன்னொரு திருப்பமும் உண்டு. அந்தக் கணக்குகளை டார் வழியாகத் திறந்தது தூதரக ஊழியர்களாக இல்லாமல், ஏற்கனவே பாஸ்வேர்டு திருடி வைத்திருந்த ஹேக்கர்களாக இருக்கலாம் என்று எகர்ஸ்டாடே பின்னால் சொன்னார். எப்படிப் பார்த்தாலும், டார் மேல் வைத்த நம்பிக்கை அவங்களைக் காப்பாத்தலை.

இன்னைக்கு ஜிமெயில் மாதிரி சேவைகள்ல அந்த வழியில பூட்டு தானாவே இருக்கு. அதனால பாஸ்வேர்டு அப்படியே ஓடுற ஆபத்து பெரிய அளவுல குறைஞ்சிருச்சு. மிச்சம் இருக்கிறதுதான் இன்னைக்குப் பிரச்சினை: மெட்டாடேட்டா.

மெட்டாடேட்டான்னா என்ன? சங்கத்து லெட்ஜரை நினைச்சுப் பாருங்க

நம்ம காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். ஒரு கூட்டுறவு சங்கத்துல பட்டுப்புடவை வாங்குறீங்க. புடவையில நெசவாளர் பேர் இருக்காது. ஆனா சங்கத்து லெட்ஜர்ல எந்த உறுப்பினருக்கு எவ்வளவு பட்டு, எவ்வளவு ஜரிகை, எந்தத் தேதியில கொடுத்தாங்க, எப்போ புடவை திரும்பி வந்தது, என்ன கூலின்னு எழுதியிருக்கும். புடவையைப் பிரிச்சே பார்க்காம, லெட்ஜரை மட்டும் வச்சு யார் நெய்ததுன்னு சொல்லிடலாம்.

ஈமெயில்ல அந்த லெட்ஜர்தான் மெட்டாடேட்டா. யார் அனுப்பினது, யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தெந்த சர்வர் வழியா, என்ன தலைப்பு, எவ்வளவு பெரிய இணைப்பு. மெயிலின் உள்ளே இருக்கிறதை பி.ஜி.பி. போட்டுப் பூட்டினாலும் அனுப்புநர், பெறுநர், நேரம் எல்லாம் கவர் மேல திறந்தேதான் இருக்கும். வழக்கமான பி.ஜி.பி.யில தலைப்பு வரியும் பூட்டப்படாது. "ஏப்ரல் முதல் பி.எஃப். கட்டவில்லை" என்று தலைப்பு வச்சுட்டு உள்ளே பூட்டு போட்டு என்ன பிரயோஜனம்?

சில மெயில் சாஃப்ட்வேர்கள் அனுப்பின நேரத்தோட +0530 என்ற இந்திய நேர மண்டலத்தையும் சேர்த்துப் போடும். ஐ.பி. முகவரி ஜெர்மனின்னு காட்டும், கடிகாரம் இந்தியான்னு காட்டும்.

ஆபீஸ் வைஃபைல டார் போட்டா?

2013 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது. தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் செய்த வேலை. தற்காலிக மெயில் முகவரி, அதுவும் டார் வழியாக. மெயிலில் இருந்த ஐ.பி. முகவரி டாருடையது. அதோடு தடம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் டாருக்குள் நுழைந்தது பல்கலைக்கழகத்தின் சொந்த வைஃபை வழியாக. அந்த நேரத்தில் நம்ம நெட்வொர்க்கில் டார் பயன்படுத்தியது யார் என்று பார்த்தார்கள். அவர் பேர் வந்தது. விசாரித்ததும் ஒப்புக்கொண்டார்.

அந்த மாணவர் செய்தது குற்றம், மாட்டினது நல்லதுதான். ஆனா இங்கே உள்ள கணக்கு உங்களுக்கும் பொருந்தும். டாரை யாரும் உடைக்கலை. ஒரு சின்ன வட்டத்துக்குள்ள "யார் மறைஞ்சு நிக்கிறாங்க"ன்னு மட்டும் பார்த்தாங்க. 200 பேர் இருக்கிற கம்பெனியில, புகார் போன அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் 1:20க்கு ஆபீஸ் நெட்வொர்க்கில் டார் போட்டது நீங்க ஒருத்தர் மட்டும்னா, ஐ.டி. டிபார்ட்மென்ட்டுக்கு வேற ஆதாரம் எதுக்கு? ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் செய்தாலும் இதே கதைதான். அந்த லேப்டாப்பில் என்ன கண்காணிப்பு சாஃப்ட்வேர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

"புரோட்டான் மெயில் போதாதா சார்?"

நல்ல சேவை. உள்ளடக்கத்தைப் பூட்டுறதுல ஜிமெயிலைவிட எவ்வளவோ மேல். ஆனா இதையும் தெரிஞ்சுக்கோங்க.

2021ல் பிரான்ஸ் போலீஸ் கேட்டு, சுவிட்சர்லாந்து அதிகாரிகள் சட்டப்படி உத்தரவு போட்டதும், ஒரு பருவநிலைப் போராட்டக்காரரின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் பதிவு செய்து கொடுத்தது. மெயில்களின் உள்ளடக்கத்தை அல்ல, ஐ.பி. முகவரியை. 2024ல் ஸ்பெயின் போலீஸ் ஒரு வழக்கில் கேட்டபோது, கணக்குக்குக் கொடுத்திருந்த ரெகவரி மெயில் முகவரி போனது. அந்த முகவரி ஆப்பிளுடையது. ஆப்பிளிடம் கேட்டார்கள், ஆள் தெரிந்துவிட்டது. ரெண்டு இடத்திலும் பூட்டு உடையலை. லெட்ஜரே போதுமானதா இருந்தது.

அதே 2024 பிப்ரவரியில் சென்னையில் 10க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மெயில் வந்தது ஞாபகம் இருக்கும். புரோட்டான் மெயிலிலிருந்து வந்த மிரட்டல்கள் அவை. தமிழ்நாடு போலீஸ் கேட்டதன் பேரில் அந்தச் சேவையையே இந்தியாவில் தடை செய்யும் பேச்சு டெல்லி வரை போனது. பொய் மிரட்டல் விடுகிறவங்களால, நியாயமாகப் பெயர் மறைக்க வேண்டியவங்களுக்கும் வழி குறுகிக்கிட்டே வருது.

வி.பி.என்.னும் அப்படித்தான். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், தொடர்பு விவரம், ஐ.பி. எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு வி.பி.என். போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. அது போக, மாதா மாதம் யூ.பி.ஐ.யில் பணம் கட்டி வாங்கின வி.பி.என். உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்டிலேயே ஒரு வரி. அநாமதேயத்துக்கு ரசீது போட்டு வாங்கின மாதிரி.

நான் ஒரு ஆடிட்டரா பயப்படுறது இணைப்புக்குத்தான்

புகார் மெயில்னா ஆதாரம் வைக்கணும். ஆதாரம்னா எக்ஸல் ஷீட், பே ஸ்லிப், ஸ்கிரீன்ஷாட். எக்ஸல் ஃபைலின் பிராப்பர்ட்டீஸ்ல "ஆத்தர்", "லாஸ்ட் மாடிஃபைட் பை" ரெண்டு இடத்திலும் ஆபீஸ் லாகின் பேர் உட்கார்ந்திருக்கும். பே ஸ்லிப்ல எம்ப்ளாயீ நம்பர், பான் நம்பர், யூ.ஏ.என். போனில் எடுத்த போட்டோவில் எடுத்த நேரமும், செட்டிங் ஆன்ல இருந்தா இடமும். டார் இதில் ஒன்றைக்கூடத் தொடாது. நீங்க அனுப்பின ஃபைலை அப்படியே பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இதைவிட நுட்பமானது ஒண்ணு. அந்த ஃபைல் கம்பெனியில மூணு பேருக்கு மட்டும்தான் திறக்கும்னா, உங்க பேரை எவ்வளவு அழிச்சாலும் சந்தேகப் பட்டியல்ல இருக்கப்போறது மூணே பேர்.

கவர் மேல பேர் எழுதாதே: அரசுக்கே தெரிஞ்ச பாடம்

இந்தியாவுல இந்தக் "கவர்" விஷயம் ஒரு உயிரோட சம்பந்தப்பட்டது. தங்க நாற்கர சாலைத் திட்டத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் இருந்த இன்ஜினியர் சத்யேந்திர துபே 2002ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் அடையாளத்தை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். ஆனால் கடிதம் அவர் அடையாளத்தோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்றுதான் சி.பி.ஐ. வழக்கு முடிந்தது. ஆனால் ரகசியம் கேட்டவரின் பெயர் ரகசியமாக இருக்கவில்லை என்பது நாட்டையே உலுக்கியது.

அதன் பிறகு 2004 ஏப்ரலில் வந்தது பிட்பி எனப்படும் பொதுநலத் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புத் தீர்மானம். அதன் விதியைப் பாருங்க: புகாரை மூடிய கவரில் வைத்து மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கவர் மேல் அனுப்புநர் பெயர் இருக்கக் கூடாது. உள்ளே பெயர், முகவரி கட்டாயம் இருக்க வேண்டும். பெயரில்லாத புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வெளியே யாருக்கும் தெரியாது, பொறுப்பான ஒருத்தருக்கு மட்டும் தெரியும். மெட்டாடேட்டா பாதுகாப்புன்னா இதுதான். டார் வழியா அனுப்புற ஈமெயிலில் பல சமயம் இதற்கு நேர் தலைகீழா நடக்குது: உள்ளே பேர் இல்லை, கவர் மேல நிறைய தடயம்.

அப்போ என்னதான் பண்றது?

ரெண்டு விதமான புகார் இருக்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

முதல் வகை, உங்க சொந்தப் பணம். உங்க பி.எஃப்., உங்க டி.டி.எஸ். இதுல பேர் மறைக்கவே முடியாது. "ஏதோ ஒருத்தருக்கு பி.எஃப். கட்டலை"ன்னு புகார் கொடுத்தா யார் கணக்கைப் பார்ப்பாங்க?

- முதல்ல தேதியைச் சரிபாருங்க. ஒரு மாத பி.எஃப். அடுத்த மாதம் 15க்குள் கட்டணும். டி.டி.எஸ். அடுத்த மாதம் 7க்குள், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. ஆனா டி.டி.எஸ். ஸ்டேட்மென்ட் காலாண்டுக்கு ஒருமுறைதான் ஃபைல் ஆகும். ஏப்ரல்-ஜூன் கணக்குக்கு ஜூலை 31 வரை நேரம் உண்டு. ஜூன்லயே 26ஏஎஸ்-ல காணோம்னு சண்டைக்குப் போகாதீங்க.
- பே ஸ்லிப், சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். பாஸ்புக் மூணையும் மாதவாரியா உங்க சொந்த மெயில்ல, சொந்த டிரைவ்ல சேமிச்சு வைங்க. ஆபீஸ் மெயில்ல வேண்டாம். வேலையை விட்ட அன்னைக்கே அது உங்க கையை விட்டுப் போயிடும்.
- ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல கேளுங்க. தனியா இல்லாம நாலு பேர் சேர்ந்து கேளுங்க. பதில் இல்லைன்னா பி.எஃப். அலுவலகத்தின் குறைதீர் போர்ட்டல் இருக்கு. ஊழியர்கிட்ட பி.எஃப். பிடிச்சுட்டு கட்டாம இருக்கிறது நம்பிக்கை மோசடியாகக் கருதப்படும் என்று பி.என்.எஸ். 316வது பிரிவின் விளக்கத்திலேயே இருக்கு.
- உங்க சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனி கட்டலைன்னா, பிடிச்ச அளவுக்கு அதை உங்ககிட்ட திரும்பக் கேட்கக் கூடாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் 205வது பிரிவு அதைத்தான் சொன்னது. பிடிச்சதுக்கான ஆதாரம் உங்க கையில இருக்கணும், அதுதான் முக்கியம்.

ரெண்டாவது வகை, கம்பெனி செய்யும் மோசடி. பொய் பில், ரெட்டைக் கணக்கு, வரி ஏய்ப்பு. இங்கே பேர் மறைக்கிறது நியாயமான தேவை. ஆனா வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனி, வங்கிகளிடம் 50 கோடிக்கு மேல் கடன் வாங்கின கம்பெனி, இவங்களுக்கு 2013 கம்பெனிகள் சட்டத்தின் 177வது பிரிவுப்படி புகார் தெரிவிக்கும் ஏற்பாடு கட்டாயம். வரி ஏய்ப்புன்னா வருமான வரி இ-ஃபைலிங் தளத்திலேயே 2021 ஜனவரியிலிருந்து தனிப் பகுதி இருக்கு. ஓ.டி.பி. கேட்கும், அதனால துறைக்கு உங்களைத் தெரியும். ஆனா உங்க மேனேஜர் கையில் இருக்கிற நெட்வொர்க் லாக் வழியா அது போகாது. மத்திய அரசு நிறுவனம், பொதுத்துறை வங்கின்னா மேலே சொன்ன பிட்பி.

இதெல்லாம் சரிவராது, அநாமதேயமாத்தான் போகணும்னா: சொந்தக் கருவி, ஆபீஸ் அல்லாத நெட்வொர்க், வேற எதுக்கும் பயன்படுத்தாத புது மெயில், ரெகவரிக்கு உங்க மொபைலோ பழைய மெயிலோ வேண்டாம், தலைப்பு வரியில விஷயம் வேண்டாம், ஒரிஜினல் ஃபைல் வேண்டாம், ஆபீஸ் நேரத்துல வேண்டாம். இத்தனையும் சரியா செய்த பிறகுதான் டாருக்கு அர்த்தமே வருது. இதுல ஒண்ணு தவறினாலும் மத்தது எல்லாம் வீண். அனுப்பினதுக்கு அப்புறம் அந்தக் கணக்கை உங்க வழக்கமான பிரவுசர்ல "பதில் வந்திருக்கா"ன்னு ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தாலும் முடிஞ்சது கதை.

"மறைக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?"

இப்படிக் கேட்கிறவங்களும் உண்டு. அவங்ககிட்ட நான் கேட்கிறது: உங்க சம்பளத்தை ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்வீங்களா? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். டாரைப் பயன்படுத்துறதும், பூட்டிய மெயில் அனுப்புறதும் குற்றம் இல்லை. வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஆயிரம் பேருக்கு அது ஒரு கதவு. அந்தக் கதவு மூடப்படக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன்.

ஆனா கதவு இருக்குன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, அதுக்கு வெளியே யார் நிக்கிறாங்கன்னும் பார்க்கணும். உங்க சம்பளம், உங்க இ.எம்.ஐ., உங்க அடுத்த வேலைக்கான ரிலீவிங் லெட்டர் எல்லாம் இதுல தொங்குது. ஒரு சாஃப்ட்வேரை டவுன்லோடு பண்ணி, ஒரு மதிய இடைவேளையில் எடுக்கிற முடிவு இல்லை இது.

இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க. உங்க பி.எஃப். பாஸ்புக்கையும் 26ஏஎஸ்-ஐயும் கடைசி 12 மாத பே ஸ்லிப்போட ஒப்பிட்டுப் பாருங்க. எல்லாம் சரியா இருந்தா சந்தோஷம். இல்லைன்னா, யார் பேர்ல எழுதுறது, எப்படி மறைக்கிறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஆதாரத்தைச் சேருங்க. 26ஏஎஸ் எப்படிப் படிக்கிறதுன்னு தனி வீடியோ சேனல்ல இருக்கு, பார்த்துட்டு சந்தேகம் இருந்தா கேளுங்க. ஆனா கம்பெனி பேரையோ, யூ.ஏ.என். நம்பரையோ பொதுவுல போட்டுக் கேட்காதீங்க. அதுவும் லெட்ஜர்தான்.